கூப்படறது பொண்ணு இல்லீங்க, காரு

அட, கட் பண்ணாம வேற என்ன பண்ணச் சொல்றீங்க? போன்ல ஆன்மேரின்னுதான் பேரு வரும். ஆன்மேரி எம் பொண்ணு, அதுவும் நெசந்தான். ஆனா இப்பக் கூப்புட்டது எம் பொண்ணு இல்லீங்க. காரு.

என்ன அப்பிடிப் பாக்கறீங்க? காருதானுங்க. காருக்குள்ள ஒரு பொட்டி மாட்டியிருக்குது. எவனாச்சும் வண்டியத் தொட்டான், தட்டினான், அசைச்சான்னு வெய்யுங்க, அங்க ஊன்னு சைரன் அடிக்கும், இங்க எனக்குப் போன் வரும். போன் வரணும்னா பொட்டிக்குள்ள சிம்மு வேணுமில்லீங்களா? எங்க ஊர்ல ஒரே ஒரு கம்பெனி டவர்தான் எடுக்கும். மத்ததெல்லாம் மாரமங்கலம் தாண்டினாச் செத்துப்போயிரும். அந்தக் கம்பெனி சிம்மு எங்கூட்ல ரெண்டுதான், ஒண்ணு என்னது, ஒண்ணு ஆன்மேரியோடது. அவளோடதக் கழட்டிக் காருக்குப் போட்டுட்டேன். அதான் காரு கூப்புட்டா அவ பேரு வருது. பேர மாத்தோணும் மாத்தோணும்னு நெனச்சு அப்பிடியே கெடக்குது.

அவளுக்கு எதுக்குங்க சிம்மு? மருமகன் கிங்ஸ்டன் ஓசூர்ல வேலையா இருக்கறாப்டி. அவுரு வாங்கிக் குடுத்த சிம்மு ஒண்ணு அவகிட்ட இருக்குது. எங்கூட்ல எடுக்காது. எடுக்கலீன்னா போவட்டும். தலைப்பிரசவத்துக்கு வந்த புள்ள, படுத்து ரெஸ்ட் எடுக்காம யாருகூடப் பேசோணும்? அந்தக் காலத்துல எல்லாம் சிம்மு வெச்சுட்டா பெத்தாங்க?

இப்ப நான் கட் பண்ணினேன் பாத்தீங்கல்ல? அந்த நொடியே அங்க சைரன் அடங்கியிருக்கும். மறுக்காத் தொட்டாத்தான் மறுக்காக் கத்தும். அடிவாரத்துல பஸ்ஸுக்குள்ள உக்காந்துக்கிட்டு, மலைமேல நிக்கற காரோட வாயை நான் மூடறனுங்க. எடுத்தாலும் அடங்கும், லைன் இருக்கற வரைக்கும் மறுக்காக் கத்தாது. எடுத்தா, உள்ள மைக்கு இருக்குது, அங்க பேசறது பூராம் நமக்குக் கேக்கும், நாம பேசறது அங்க கேக்காதுன்னு மாட்டிக் குடுத்த கடைக்காரன் சொன்னான். நான் ஒருநாளும் எடுத்ததில்லீங்க. எதுக்கு? கொரங்கு பேசறதையா கேக்கறது?

பின்ன, கொரங்குதான். வேற எவன் வரப்போறான் எங்க ஊருக்கு? டூரிஸ்ட்டுன்னு வர்றாங்களே ஏற்காட்டுக்கு, சிப்ஸும் பிஸ்கோத்தும் நீட்டி நீட்டி அதுகளக் கெடுத்து வெச்சுட்டாங்க. அதுல ஒரு கூட்டம் எங்க பக்கம் வந்துருச்சு. என் காரு மேல ஏறி உக்காந்து சைடு கண்ணாடியில மூஞ்சி பாக்குது. அதுக்கு இருக்கற மூஞ்சிக்கு.

ம், வந்துருச்சு பாருங்க மறுபடியும். ஆன்மேரி. கட்டு. முடிஞ்சுது. இப்ப அந்தக் கொரங்கு சத்தம் நின்னதும், ஓஹோ, ரைட்டர் டோமினிக் பாத்துட்டாருடான்னு ஓடியிருக்கும். ஆமாங்க, டோமினிக்குங்கறது நாந்தான். எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு காப்பிக்கொட்டை மூட்டை என்னயத் தாண்டி வெளிய போனதில்லை. அப்பேர்ப்பட்டவன் ஒரு காரக் காப்பாத்தமாட்டனா?

சித்த நவுந்து உக்காருங்க, கால் கீழ பை இருக்குது. பாத்து, மிதிச்சுராதீங்க, கனம். என்னன்னு கேக்கறீங்களா? சங்கிலி. சாதாரணச் சங்கிலி இல்லீங்க, லாரிக்காரன் போடற சங்கிலி. சேலத்துல இதுக்கே அலைஞ்சிருக்கறேன். எங்க ஊர்ல நான் கார் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல ஒரு சில்வர் ஓக் மரம் நிக்குது. காருக்குக் கீழ கொக்கி இருக்குல்ல, அதுல இருந்து மரத்துக்கு ஒரு சுத்து சுத்திப் பூட்டிட்டன்னா, ஆனை வந்து இழுத்தாலும் போகாது.

ஏற்கெனவே பூட்டு இல்லீங்களான்னா, இருக்குது. நல்லாக் கேட்டீங்க. ஸ்டீயரிங்குக்கு ஒரு இரும்புத் தடி. கியருக்கு ஒரு பூட்டு. முன் டயருக்கு மஞ்சக்கலர்ல ஒரு கிடுக்கி, அத மாட்டிட்டா சக்கரம் ஒரு உருளு உருளாது. சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்சு, அது எங்க இருக்குதுன்னு எனக்கும் அந்தக் கர்த்தருக்கும்தான் தெரியும். அத அமுத்தலீன்னா பெட்ரோல் ஏறாது. அப்பறம் இந்த சைரன் பொட்டி. இத்தனையும் பத்தாதான்னு கிங்ஸ்டன் சிரிக்கறாப்டி. சிரிக்கட்டும். செகண்டேண்டுல வாங்கிக் குடுத்ததோட அவுரு சோலி முடிஞ்சுது. பாத்துக்கறவனுக்குத்தானே தெரியும் பாடு.

காரு இருக்கறவன் எதுக்குப் பஸ்ல வர்றான்னு நெனக்கறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. ஏனுங்க, சேலத்துக்குக் கார எடுத்துட்டு வரச் சொல்றீங்களா? எங்க நிறுத்தறது? அந்தப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயா? டீ குடிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள நாலு டயரும் தனித்தனியாப் போயிரும். ஏற்காட்டுக்கும் எடுத்துட்டுப் போறதில்லை, அங்க ஞாயித்துக்கெழமை நிக்கற கூட்டத்துல எவன் யோக்கியன்னு கண்டோம்? சர்ச்சுக்கும் நடந்துதான் போறது. சாமி கும்படறப்ப வாசல்ல வண்டி நின்னா மனசு ஜெபத்துலயா இருக்கும்?

ஓட்டறதே இல்லையான்னா... ஓட்டுவேன். ஆன்மேரிக்கு வலி வர்றன்னைக்கு ஓட்டுவேன். அதுக்குன்னே வாங்கின காருங்க அது. கொழந்த தலை மேல, கால் கீழன்னு திரும்பி இருக்குதாம். சேலத்து டாக்டரம்மா கறாராச் சொல்லிட்டாங்க, வலின்னு ஒண்ணு ஆரம்பிச்சா அங்க இங்க நிக்காதீங்க, நேரா எங்கிட்டக் கொண்டாந்துருங்கன்னு. இன்னும் நாளு இருக்குது. அவ அம்மா இல்லீங்க, போய்ச் சேந்துட்டா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான். அந்தக் கார எவனாவது கொண்டு போயிட்டான்னா நான் எம் பொண்ண எதுல கொண்டு போவேன்? அதச் சொன்னா எங்க ஊர்ல எவனுக்கும் வெளங்காது.

எங்க ஊரு ஜனத்தப் பத்திச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. தார் ரோடு முடியற எடத்துல ஒரு சின்ன மேடு, அங்கதான் எல்லா வண்டியும் நிக்கோணும். இக்கட்ட பாறை, அக்கட்ட காப்பிச் செடி, பள்ளம். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாத்தான் நிறுத்த முடியும். லோடு ஓட்டற சின்னராஜுன்னு ஒருத்தன், அவனோட ஜீப்பு, மொளகு ஏத்தற பிக்கப்பு ஒண்ணு, அப்பறம் பைக்குங்க. இதுல என்ன கூத்துன்னா, ஒருத்தனும் சாவிய எடுக்கறதில்லீங்க. ஜீப்புல சாவி தொங்கும். பிக்கப்புல சாவி தொங்கும். பைக்குலயும் தொங்கும். பின்னால நிக்கறவன் வெளிய போகோணும்னா முன்னால நிக்கற வண்டிய அவனே எடுத்து ஓரமா நிறுத்திட்டுப் போயிருவான். யாரையும் கேக்கறதில்லை. எவனுக்காச்சும் சீக்குன்னா, எந்த வண்டி முன்னால நிக்குதோ அத எடுத்துட்டுப் போயிருவானுங்க. தொறந்த ஊட்ல நாய் நுழைஞ்சாப்ல. வண்டிக்காரன் காலையில எந்திரிச்சுப் பாத்தா வண்டி இருக்காது. எங்கடான்னா, சேலத்துக்குப் போயிருக்குதும்பானுங்க. யாரு எடுத்ததுன்னா, தெரியலைம்பானுங்க. பொழுதோட வந்துருமாம். மாடா அது, பொழுதோட தானா வர்றதுக்கு?

நான் காரு கொண்டாந்த அன்னைக்கே அந்தச் சின்னராஜு வந்தான். ஐயா, சாவிய உள்ளயே உட்டுருங்க, எங்களுக்கு நவுத்தக் கொள்ள ஆகும்னான். எப்பிடி இருக்குது பாருங்க. நான் சொன்னேன், ஏன்டா, என்னைய எஸ்டேட்ல பாத்திருக்கற இல்ல? குடோன் சாவிய நான் யாருகிட்டயாவது குடுத்திருக்கறனான்னேன். தலையச் சொறிஞ்சுட்டுப் போயிட்டான். அதுல இருந்து தெனமும் காலைல கதவத் தட்டுவான். ஐயா, வண்டியச் சித்த நவுத்துங்க, லோடு போகோணும்னுட்டு. நானும் போயி, மஞ்சக் கிடுக்கியக் கழட்டி, தடியக் கழட்டி, கியரத் தொறந்து, ஸ்விட்ச அமுத்தி, சைரன அணைச்சு எடுக்கறதுக்குள்ள, டூர்ருன்னு ஜீப்ப உறும உட்டுட்டு நிப்பான். அவசரக் குடுக்கை. இன்னைக்கு அவன் தொந்தரவு இல்ல, தூத்தல் போடுது, லோடு இல்லைன்னு நேத்தே சொல்லிட்டான். அதனால நான் நிம்மதியா மொதப் பஸ்ஸப் புடிச்சு எறங்கிட்டேன்.

ஏனுங்க, எங்க எந்திரிக்கறீங்க? முன்னால சீட்டு இல்லீங்க. குப்பனூர் ரோட்ல மண்ணு சரிஞ்சதுல இருந்து அந்தப் பக்கத்து ஜனமும் வண்டியும் பூராம் இந்த வழியிலதான் ஏறுது, எறங்குது. அங்க போனாலும் நின்னுட்டுத்தான் போகோணும். உக்காருங்க. ஜன்னல வேணா மூடிக்குங்க, பனி வருது. தூங்கோணும்னா தூங்குங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வர்றேன்.

ம், மறுக்கா. ஆன்மேரி. இந்தக் கொரங்குக்கு இன்னைக்கு என்ன கேடு? கட்டு.

மொத மொதல்ல சைரன் அடிச்சப்ப என்ன ஆச்சுங்கறீங்க? ஊரே ஓடியாந்துருச்சு. ஆம்பளைங்க அருவாளோட, பொம்பளைங்க வெளக்குமாத்தோட. வந்து பாத்தா காரு மேல கடுவன் கொரங்கு ஒண்ணு ஈரு பாத்துட்டு உக்காந்திருக்குது. சிரிச்சானுங்க பாருங்க, ஒரு சிரிப்பு. அதுக்கப்பறம் இடி இடிச்சா அடிக்கும், பலாப்பழம் விழுந்தா அடிக்கும். நாலு தடவ ஓடியாந்தானுங்க. அஞ்சாந் தடவ, ரைட்டர் காரு அழுவுதுடான்னு சொல்லிட்டுப் படுத்துட்டானுங்க. பக்கத்தூட்டு வெள்ளையம்மா இருக்கறாளே, அவ அதுக்கும் மேல. சாமைய மொறத்துல கொண்டாந்து காரு பானெட் மேல காயப் போடறா. சூடா இருக்குதாம், வெரசாக் காயுதாம். என் காரு என்ன களத்துமேடா? புடிச்சு ஏசி உட்டுட்டேன். ஆன்மேரிகூட, வெள்ளையம்மா அத்தைதானப்பா, தெனமும் எனக்குக் கஞ்சி கொண்டாறாங்கன்னா. கஞ்சி கொண்டாந்தா காரு மேல சாமை கொட்டிக்கலாமா?

ஒருநாள் அந்தச் சின்னராஜு என்ன பண்ணினான்னா, நான் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம் பாத்து, ரெண்டு பேரச் சேத்துக்கிட்டு என் காரோட பின்பக்கத்த அப்பிடியே தூக்கி ஓரமா வெச்சுட்டு ஜீப்ப எடுத்துட்டுப் போயிட்டான். தூக்கி வெச்சுட்டானுங்க, கோழிக்கூட வெக்கற மாதிரி. வந்தான்ல பொறவு, புடிச்சேன். ஊரக் கூட்டி வெச்சுச் சொன்னேன். இன்னொருக்கா எவனாச்சும் என் காரு மேல கை வெச்சீங்கன்னா நேராப் போலீசு. திருட்டுக் கேசு குடுப்பேன், உள்ள தள்ளுவேன், கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்கோணும். சைரன் அடிச்சாலும் எவனும் கிட்ட வரப்படாது, எனக்குப் போன் வரும், நான் பாத்துக்கறேன். அன்னைக்கு அடங்கினானுங்க. இப்ப சைரன் அடிச்சா ஒருத்தன் திரும்பிப் பாக்கமாட்டான். அந்தப் பயம் இருக்கோணும்.

வளைவு வருது, கம்பியப் புடிச்சுக்குங்க. இந்த டிரைவர் ஒருத்தன், பஸ்ஸ ஓட்டறானா, ஊஞ்சலு ஆட்டறானான்னு தெரியல.

என்ன கேட்டீங்க? ஆன்மேரிக்கு இதெல்லாம் தெரியுமாவா? அவளுக்குத்தான் மொதல்ல செஞ்சு காமிச்சதே. பொட்டி மாட்டின அன்னைக்கு நான் காப்பி களத்துல போய் நின்னுட்டு, கண்ணு, பானெட்டுல ஓங்கி ஒரு தட்டு தட்டுன்னேன். தட்டினா. சைரன் அடிச்சுது, எனக்குப் போன் வந்துருச்சு. பாத்தியா, நீ தட்டினா அப்பாவுக்கு வரும்னேன். அவ சிரிச்சுட்டு, அப்ப என் சிம்மு இனி உங்க காருக்காப்பா, எனக்கு ஒண்ணுன்னா நான் காரத்தான் தட்டோணுமான்னா. வாயாடி. அவ அம்மா மாதிரியே.

ம்... போன் அடிக்குது. இது காரு இல்ல. சின்னராஜு. பாத்தீங்களா, பாத்தீங்களா. கொரங்குன்னு நெனச்சேன், கொரங்கு இல்ல, அவந்தான் கார நோண்டறான். நான் மொதப் பஸ்ல எறங்கினதப் பாத்திருப்பான். இப்ப எதுக்குக் கூப்படறான் தெரியுமா? ஐயா, ஒரு அர்ஜெண்டு, வண்டிய நவுத்திக்கட்டுமான்னு கேப்பான். அவனுக்கு எப்பவும் அர்ஜெண்டுதான். எடுத்தா பேச்சுல கவுத்துருவான். எடுக்கமாட்டேன். கட்டு.

மறுபடியும் அவனே. கட்டு. மூணாந் தடவ. அடேங்கப்பா, என்ன நெஞ்சழுத்தம். கட்டு.

போச்சு, டவர் போயிருச்சு. இந்த வளைவுல எப்பவும் இப்பிடித்தான். நல்லதாப் போச்சு, கூப்புட்டுக் கூப்புட்டுச் சாகட்டும். இந்தச் சங்கிலிய நேத்தே வாங்கியிருக்கோணும். இன்னைக்குப் போனதும் மொத வேலை அதான். மரத்தோட கட்டிப் பூட்டிட்டு, சாவிய அரணாக்கயித்துல கோத்துக்கறேன். அப்பறம் எவன் தூக்கறான்னு பாக்கறேன். ஊர் பூராம் சேந்து வந்து நெம்பட்டும்.

நீங்க எங்க வண்டி வெச்சிருக்கறீங்க? அந்த ஹெல்மெட்டு உங்களதுதானே? அடிவாரத்துல நிறுத்தியிருக்கறீங்களா? எங்க? மரத்தடியிலயா? பூட்டினீங்களா? ஹேண்டில் பூட்டு மட்டுமா? சரிதான். சாயங்காலம் வந்து ஹெல்மெட்ட மட்டும் மாட்டிட்டு நடந்து போகலாம் நீங்க. நான் சொல்றனேன்னு கோவிச்சுக்காதீங்க, இந்த ஒலகத்துல பூட்டு இல்லாதவன் ஏமாளி. அவ்வளவுதான்.

வந்துருச்சு, டவரு வந்துருச்சு. உடனே காரு. பாருங்க, ஆன்மேரி, ஆன்மேரி. கட்டு. திரும்பவும். கட்டு. கட் பண்ணக் கட் பண்ண அடிக்குது. இது தட்டறது இல்லீங்க, அசைக்கறானுங்க. புடிச்சு ஆட்டறானுங்க. திருட்டுப் பசங்க, பட்டப்பகல்ல. நான் எறங்கினதும் நேராப் போலீஸ் ஸ்டேஷன்தான். உட்டேனா பாரு.

என்ன, எடுத்துப் பாக்கறதா? எதுக்கு? ...மைக்குல கேக்குமா? அட, ஆமா. எவன் எவன்னு கொரல வெச்சே புடிச்சுரலாம். பரவால்லியே, பேசாம வந்தாலும் மூளை வேலை செய்யுது உங்களுக்கு. நீங்களே சாட்சியாவும் ஆச்சு. இருங்க, இந்த ஸ்பீக்கர எங்க போடறது? நீங்களே போட்டுக் குடுங்க. ம். எடுத்தாச்சு.

சைரன் நின்னுருச்சு பாருங்க. ஷ்ஷ். பேச்சு கேக்குது. சின்னராஜுதான். சொன்னேன்ல. அவந்தான். என்ன சொல்றான்? "சக்கரத்துல கிடுக்கி மாட்டியிருக்குது, தள்ள முடியாது, தூக்கித்தான் ஆகோணும்"ங்கறான். கேட்டுக்குங்க. நல்லாக் கேட்டுக்குங்க. அவன் வாயாலயே சொல்றான். "அந்தக் கோடியில எத்தன பேரு காப்பி பறிக்கறாங்க, எல்லாத்தையும் கூப்புடு"ங்கறான். ஊரையே கூட்டறான், திருடறதுக்கு.

இது வெள்ளையம்மா. வெள்ளையம்மா எதுக்கு அங்க... "மூச்ச இழுத்து உடு கண்ணு, இழுத்து உடு, அவ்வளவுதான், அவ்வளவுதான்"ங்கறா. யாருக்குச் சொல்றா?

யாருக்குங்க சொல்றா?

இருங்க. பேசாதீங்க. சித்த இருங்க. அது... அது ஆன்மேரி. ஆன்மேரி கத்தறா. எம் பொண்ணு கத்தறாங்க. என்ன சொன்னா? உங்களுக்குக் கேட்டுதா? எனக்குச் செரியாக் கேக்கல. "அப்பாவுக்குத்தான் தட்டினேன் அத்தை, எத்தன தடவ தட்டினேன், கட் பண்ணிக் கட் பண்ணி உட்டுட்டாரு"ன்னா? அப்பிடியா சொன்னா?

கண்ணு. ஆன்மேரி, அப்பா இங்க இருக்கறேன் சாமி. எடுத்துட்டேன் கண்ணு, இப்ப எடுத்துட்டேன். நான் கொரங்குன்னு நெனச்சுட்டேன். ஆன்மேரி...

கேக்காதா? ஆமா. அங்க கேக்காது. நாந்தானே சொன்னேன்.

சத்தம் கேட்டா யாராச்சும் வருவாங்கன்னும்தான் தட்டியிருக்கறா. நான் இங்க இருந்து அந்தச் சத்தத்த நிறுத்தி நிறுத்தி... அடிவாரத்துல இருந்து எத்தன தடவ நிறுத்தினேன்? நீங்க பாத்தீங்கல்ல? சைரன் பாட்டுக்கு அடிச்சிருந்தாலாவது எவனாச்சும், என்னடா இது ஓயமாட்டேங்குதுன்னு வந்திருப்பான். எவன் வருவான்? வரப்படாதுன்னு சொன்னவன் நாந்தானே. வெள்ளையம்மா கஞ்சி கொண்டு போயித்தான் பாத்திருக்கறா. அதுக்குள்ள எவ்வளவு நேரம் அந்தப் புள்ள தனியா, ஒரு கைல வயித்தப் புடிச்சுக்கிட்டு...

ஷ்ஷ். சின்னராஜு பேசறான். "அவுரு வந்து கேசு குடுத்தா குடுக்கட்டும். நான் ஜெயிலுக்குப் போய்க்கறேன். ஜீப்பு சாவி உள்ளதான் இருக்குது, புள்ளைய ஏத்துங்க மொதல்ல. ரைட்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொடலாம்னு மூணு தடவ கூப்புட்டாச்சு, இனி கேக்கறதுக்கு நேரமில்ல"ங்கறான். என்னையக் கேக்கத்தான் கூப்புட்டிருக்கறான். என்னைய... நான் எடுக்கல.

தூக்குடா சாமி. தூக்கு. கேசு இல்ல ஒண்ணும் இல்ல. தூக்கிப் பள்ளத்துல எறிங்கடா அந்தக் கருமத்த. எறிஞ்சுட்டுப் போங்கடா.

அவனுக்குக் கேக்காதுங்க. தெரியுது. தெரிஞ்சுதான் சொல்றேன்.

தூக்கறாங்க. பொம்பளைங்களும் சேந்துட்டாங்க போல, கொரல் கேக்குது. ஏறலை. காரு இன்னும் மேல ஏறலை. ஆன்மேரி கத்தறது ஜீப்புக்குள்ள இருந்து வருது. இன்னொருக்காத் தூக்கறாங்க. கர்த்தரே, மாதாவே, அந்தக் கார எடுத்துரும், அந்தக் கார அந்த எடத்துல இருந்து எடுத்துரும். சங்கிலிய நேத்தே மாட்டியிருந்தன்னா... ஐயோ. நேத்தே வாங்கியிருக்கோணும்னேன் நான். இப்பத்தான் சொன்னேன், உங்ககிட்டத்தான் சொன்னேன்.

விழுந்துருச்சு. சத்தம் கேட்டுதா? காப்பிச் செடி மேலதான் விழுந்திருக்கோணும். கண்ணாடி ஒடையற சத்தம். போகட்டும். போகட்டும். ஜீப்ப எடுத்துட்டான். எடுத்துட்டான், எடுத்துட்டான். "நேரா சேலம்"ங்கறான். சத்தம் தூரமாப் போகுது. ...போயிட்டாங்க.

ஒண்ணும் கேக்கல இப்ப.

சின்னராஜ நான் கூப்படறேன். அடிக்குது. எடுக்கல. ஓட்டறான், எப்பிடி எடுப்பான்? எடுக்கப்படாது. எடுக்காம ஓட்டட்டும். எனக்குப் பயமா இருக்குதுங்க. கொழந்த திரும்பி இருக்குது. டாக்டரம்மா ஒரு நிமிஷம் நிக்காதீங்கன்னாங்க. நான் எவ்வளவு நேரத்தத் தின்னேன்னு எனக்கே தெரியல.

கண்டக்டரு, ஏனுங்க கண்டக்டரு, இங்க நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டாப் இல்லைன்னு தெரியும். நிறுத்துங்க. எம் பொண்ணு எறங்கி வந்துட்டு இருக்கறா, நான் மேல போயி என்ன பண்றது?

கால எடுங்க, நான் எறங்கோணும். பை கெடக்கட்டுங்க, அத யாரு தூக்கறது? இந்த வளைவுல நின்னுக்கறேன். குப்பனூர் ரோடு அடைச்சுக் கெடக்குது, இந்த வழியாத்தான் வருவான். நான் ரோட்டுக்கு நடுவுல நின்னா என்னையப் பாப்பான்ல? பாத்தா நிறுத்துவானா? எவ்வளவு பேச்சுப் பேசியிருக்கறேன் அவன. திருடன்னேன், ஊரக் கூட்டி வெச்சுத் திருடன்னேன்.

நானா இருந்தா நிறுத்தமாட்டேனுங்க.

அவன் நிறுத்துவான்.